எந்தக் காகம்?

கண்டி வாவிக்கரைக்கு மாலை வேளையில் வருவோர் பலவற்றைப் படம் பிடிக்கின்றனர். தலதா மாளிகையின் வெண்சுவர், வாவியின் நடுவே அமைந்த சிறு தீவு, கரையோர மரங்களில் வந்தடையும் கொக்குகள், கிளைகளில் அமர்ந்து இறக்கையை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்கள் ஆகிய யாவும் கமராவுக்கு உகந்த பொருள்களே. நீர்க்காகம் காகமன்று, பெயரை மாத்திரம் கடன் வாங்கிக்கொண்ட வேறொரு பறவை. பெயரைக் கடன் கொடுத்த பறவையோ பக்கத்துச் சுவரின்மேல் எவராலும் கவனிக்கப்படாது அமர்ந்திருக்கும். அது தற்செயலாகப் படத்தினுள் வந்துவிட்டால், படம் பிடிப்பவர் கையை ஓங்கி அதைத் துரத்திவிட்டு மீண்டும் பிடிப்பர்.

இக்கரையில் நாள்தோறும் நின்று காகங்களை மட்டுமே படம் பிடிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளலாம். மூன்று மாதங்களில் அவனிடம் இருநூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் இருபதைத் தெரிந்தெடுத்து விடுதி அறையின் மேசைமேற் பரப்பி வைக்கிறான். அறைத்தோழன் நெடுநேரம் பார்க்கிறான். பின்னர், "மச்சான், இது ஒரு காகமா, இருபது காகமா?" என்று கேட்கிறான்.

கேலியாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் படம் பிடித்தவனிடம் அதற்கு விடை இல்லை. மூன்று மாதம் பார்த்திருக்கிறான், ஒன்றையேனும் அறிந்திருக்கிறானா? பார்த்தல் என்பது எந்த அளவுக்கு அறிதல் ஆகும், அறியாத ஒன்றிடம் பார்ப்பவனுக்குக் கடமை எதுவும் உண்டா என்னும் வினாக்கள் அந்தக் கேலியினின்றே பிறக்கின்றன.

தமிழ் மரபிற் காகம் குறைவாகப் பேசப்பட்ட பறவையன்று. சங்கப் புலவர் ஒருவர் அதனைப் பாடியமையாலேயே காக்கைபாடினியார் நச்செள்ளையார் எனப் பெயர் பெற்றார். குறுந்தொகையின் 210ஆம் பாடல் அவருடையது. தலைவனின் வரவைக் கரைந்து அறிவித்த காகத்துக்கு நெய்யும் சோறும் ஏழு கலத்தில் வைத்துக் கொடுத்தாலும் அது சிறிதே ஆகும் எனத் தோழி கூறுவதாக அப்பாடல் அமைந்துள்ளது. திருவள்ளுவர் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தில் உறவோடு பகிர்ந்துண்பதற்குக் காகத்தை எடுத்துக்காட்டினார். காலமறிதல் என்னும் அதிகாரத்தில், தனக்கேற்ற பொழுதிற் பெரிய பகையையும் வெல்லலாம் என்பதற்கு அதனையே எடுத்துக்காட்டினார். சனி பகவானுக்குக் காகம் வாகனம். திதி நாளில் அதுவே பிதிர்.

இத்தனை இடங்களிலும் காகம் வேறு ஏதோ ஒன்றிற்காக நிற்கின்றது. விருந்தினரின் வருகை, ஒற்றுமை, காலத்தின் அருமை, இறந்த தந்தை என்று அதன் பொருள் மாறிக்கொண்டே செல்கின்றது. திதியன்று படைத்த சோற்றைத் தொடக் காகம் தாமதித்தால் வீட்டார் கலங்குவர். தந்தைக்கு என்ன குறையோ என்று தாய் கண் கலங்குவாள். காகத்துக்கு அன்று பசியில்லாதிருக்கலாம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும் இம்மரபைக் குறைகூற அவசரப்படலாகாது. படைக்கப்படுவது உண்மையான சோறு. அதை உண்டு செல்வதும் உண்மையான காகமே. அடையாளமாகக் கருதப்பட்ட காகத்துக்கு வயிறு நிறைகின்றது. காகத்தைக் காகமாகவே பார்க்க விரும்புவதாகக் கூறிக் கமராவோடு வருபவன் அவ்வளவேனும் கொடுக்கிறானா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கமரா இந்த அடையாளச் சுமையை நீக்கிவிடும் என நம்புவதற்கு இடமுண்டு. அதற்கு மரபு தெரியாது, சனி பகவானைத் தெரியாது; முன்னே நிற்பதை மட்டுமே பதியும். ஆனால் காகப் படங்களுள் மிகுந்த புகழ் பெற்றவை வேறு கதை சொல்கின்றன. யப்பானிய ஒளிப்படக் கலைஞர் மசாகிசா ஃபுகாசே தமது மணவாழ்வு முறிந்த காலத்திலே, பிறந்த மண்ணாகிய ஹொக்கைடோவை நோக்கிப் புறப்பட்டார். வழியிற் கண்ட காகங்களைப் படம் பிடிக்கத் தொடங்கி, 1976ஆம் ஆண்டளவிலிருந்து 1982 வரை அதனையே தொடர்ந்தார். அப்படங்கள் 1986இல் நூலாக வெளிவந்தன. பனியில் இறங்கும் கரிய கூட்டம், இரவில் மின்னொளி பட்டுப் பிரகாசிக்கும் கண்கள், தந்திக்கம்பிகளில் வரிசையாய் அமர்ந்த நிழலுருவங்கள் என எப்பக்கத்தைத் திருப்பினும் ஒரு மனிதனின் தனிமையே தெரிகின்றது. 1992இற் படிக்கட்டில் விழுந்து நினைவிழந்த அவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் 2012இல் இறந்தார். அவருடைய கலையின் பெருமையில் ஐயமில்லை. எனினும் அந்நூலில் உள்ளவை காகங்களா, ஃபுகாசேயா என்று கேட்டால் ஃபுகாசே என்பதே நேர்மையான விடை. தோழிக்கு விருந்தை அறிவித்த பறவை அவருக்குப் பிரிவை அறிவித்தது. பொருள் மாறியதேயன்றிப் பறவையின் வேலை மாறவில்லை.

கமராவின் பிறப்பிலும் ஒரு செய்தி உண்டு. பறக்கும் பறவையின் இறக்கையசைவை ஆராய விரும்பிய பிரெஞ்சு உடலியலறிஞர் எத்தியேன் மாரே 1882இல் ஒரு கருவியைச் செய்தார். செக்கனுக்குப் பன்னிரண்டு படங்களைப் பிடிக்கவல்ல அக்கருவி துப்பாக்கியின் வடிவிலே அமைந்திருந்தது. தோளில் அணைத்துக் குறிபார்த்து விசையை இழுக்கவேண்டும். பறவை விழவில்லை என்பது பெரிய வேறுபாடுதான். குறிபார்க்கும் நிலை மட்டும் மாறவில்லை. எறிவதற்குக் கல்லை எடுக்கக் குனிபவனையும் கமராவை உயர்த்துபவனையும் காகம் முதலில் ஒரே விதமாகவே நோக்கும். அதற்கு அவ்வாறு நோக்க நியாயமும் உண்டு.

வாவிக்கரை மாணவனிடம் மீளலாம். இனத்தைப் பிரித்தறிய அவனுக்கு ஒருநாட் போதும். கழுத்திலும் மார்பிலும் சாம்பல் நிறம் படர்ந்தது ஊர்க்காகம். உடல் முழுதும் கருமை மின்ன, அலகு தடித்துப் பருத்தது அண்டங்காகம். அதற்கு மேல் ஒரு காகத்தை இன்னொரு காகத்தினின்று பிரித்தறிவதே கடினம். அவன் அறிந்துகொண்டவை மூன்றே மூன்று. ஒன்றின் மேலலகு நுனி உடைந்தது. ஒன்றுக்கு இடக்காலில் நூல் சிக்கி விரல்கள் கருகிப்போயின. மற்றொன்றின் இறக்கையில் இரண்டு சிறகுகள் இல்லை. ஊனமுற்றவை மட்டுமே அவனுக்கு 'இது' ஆகின்றன. நலமாயிருப்பவை யாவும் 'காகம்' என்னும் பொதுப்பெயரினுள் மறைந்துவிடுகின்றன. காயப்பட்ட பின்னரே தனியொருவராய்க் கண்ணிற் படுவது காகங்களுக்கு மட்டும் நேர்வதன்று. மக்கட் கூட்டங்களைப் பற்றிய செய்திகளிலும் உயிரோடிருப்பவர்கள் தொகையாகவே வருகின்றனர்; இறந்தவருக்கே சிலவேளை பெயரும் படமும் கிடைக்கின்றன.

மறுபக்கத்தில் நிலைமை முற்றிலும் வேறு. அமெரிக்காவின் சியாற்றில் நகரில், வாஷிங்டன் ஏரியை அடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. அங்கு 2006ஆம் ஆண்டில் ஜோன் மார்ஸ்லஃப் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் குகைமனிதனின் முகமூடியொன்றை அணிந்துகொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்தனர். பின்னர் அம்முகமூடியோடு எவர் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து வைதன. அணிந்தவர் ஆணோ பெண்ணோ, நெட்டையரோ குட்டையரோ, அதுபற்றி அவற்றுக்குக் கவலையில்லை. வேறொரு முகமூடியோடு நடந்தவரை அவை பொருட்படுத்தவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வைதவற்றின் தொகை குறையாது கூடியது என்பதே வியப்பு. பிடிபடாதவையும், பிடிபட்ட காலத்திற் பிறந்திராத குஞ்சுகளும் அந்த முகத்தைப் பகையெனக் கற்றுக்கொண்டன.

இவ்வாய்வு அமெரிக்கக் காகத்தைப் பற்றியது. கண்டியில் உள்ளது வேறு இனம். எனினும் வாவிச் சுவரில் நாள்தோறும் ஒரே நேரத்திற் பாண்துண்டு வைக்கும் எவரும் ஒரு கிழமைக்குள் அதனையொத்த ஒன்றைக் காணலாம். நூறு பேர் நடந்து செல்லும் பாதையில், வைப்பவர் தலை தெரிந்தவுடனே இரண்டு காகங்கள் மரத்தினின்று இறங்கிவிடும்.

முகமூடி ஆய்வில் ஒரு கசப்பும் உண்டு. வேறொருவர் செய்ததற்காக அன்று முகமூடி அணிந்தவர் வசை கேட்டார். உண்மையிற் பிடித்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் காகங்களின் நடுவே அமைதியாக நடந்து சென்றார். இத்தீவில் இதற்கு நேர்மாறானதொன்று நடந்ததை வாசகர் அறிவர். 1987 முதல் 1990 வரையான ஆண்டுகளிலே தென்பகுதியிற் சாக்கினால் முகத்தை மறைத்தவர் தலையசைக்க, முகத்தைக் காட்டி நின்றவர் கொண்டுசெல்லப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் அத்தகையவருக்குத் 'தலையாட்டி' என்பது பெயர். முகத்தை நம்பி நீதி வழங்குவது காகத்துக்கும் பிழைக்கின்றது, மனிதருக்கும் பிழைக்கின்றது. ஆயின் காகத்தின் பிழையில் வஞ்சம் இல்லை.

எனவே வாவிக்கரையில் உண்மையில் நிகழ்வது இதுதான். மாணவன் தான் பார்ப்பவன் என்றும் காகங்கள் பார்க்கப்படுபவை என்றும் எண்ணிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு அவை கூட்டம். அவற்றுக்கு அவன் ஒருவன். இருநூறு படங்களை வைத்துக்கொண்டும் ஒன்றையேனும் அறியாதிருப்பவன் அவன். ஒரு படமும் இல்லாமலே அவனை அறிந்து வைத்திருப்பவை அவை.

இந்த நிலையில் அவனுடைய படங்களுள் ஒன்றைத் தனியே எடுத்து நோக்கவேண்டும். மரத்தின் கீழ்ப் புல்லிற் பறக்கத் தெரியாத குஞ்சொன்று விழுந்து கிடக்கிறது. பெற்ற காகங்கள் மேலே சுற்றிக் கரைகின்றன. அவன் விலகவில்லை. மேலும் இரண்டடி நெருங்கிக் குஞ்சின் அருகே முழந்தாளிட்டுக் கமராவை மேல்நோக்கித் திருப்புகிறான். இறக்கை முற்றாக விரிந்து, அலகு பிளந்து, கால்கள் முன்னே நீட்டி நேராக அவன்மேற் பாயும் காகம் பதிவாகிறது. இருபது படங்களுள் அதுவே சிறந்தது. பார்த்தவர் அனைவரும் அதனையே புகழ்கின்றனர். 'சினம்' என்று தலைப்பிடலாம் என ஒருவர் கூறுகிறார்.

அது சினமன்று, அச்சம். அவனே உண்டாக்கிய அச்சம். இதிற் குற்றம் என்ன என்று கேட்கலாம். குஞ்சை அவன் தொடவில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். பெற்றவை குஞ்சைக் கைவிடவுமில்லை. விளைவை மாத்திரம் கணக்கிடுவோர் இதனை மிகச் சிறிய துன்பம் என்று ஒதுக்கிவிடுவர். கான்ற் வழிநின்று பேசுவோர் வேறு விதமாகக் கூறுவர்: கடமை பகுத்தறிவுடைய மனிதருக்கிடையே மட்டும் நேராக நிற்பது, விலங்கிடம் கொடுமை காட்டலாகாது என்பதும், அதனால் மனிதரிடம் காட்டவேண்டிய இரக்கம் மழுங்கிவிடும் என்பதனாலேயே. அவ்வாறாயின் மாணவனின் உள்ளம் மழுங்காதவரை குற்றமில்லை. மழுங்கியிருந்தாலும் தீங்கு மனிதருக்கே, காகத்துக்கன்று.

இவ்விரு விடைகளும் போதியனவல்ல. ஏனெனில் இரண்டும் அந்த ஐந்து நிமிடத்தை மாத்திரம் நோக்குகின்றன. காகம் அம்முகத்தை மறக்கப்போவதில்லை. மூன்று மாதம் பாண் கொடுத்து அருகே வரப் பழக்கிய முகம் அது. அந்த நம்பிக்கையை அவன் தேடிக்கொண்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை. தன்னை அறிந்து நம்பிய ஓர் உயிரின் நினைவில் ஒரு படத்துக்காகப் பகையாகப் புகுந்துகொண்டதே அவன் செய்தது. நினைவுள்ள உயிரிடம் செய்த தீங்கு, செய்த நேரத்தோடு முடிவதில்லை. காகத்தின் உள்ளம் எவ்வாறிருக்கும் என்ற பெரும் வினாவை, அமெரிக்க மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1974இல் வௌவாலைப் பற்றி எழுப்பிய வினாவைப் போன்றதை, இங்கு தீர்க்கவேண்டிய தேவையில்லை. அது நினைவு வைத்திருக்கும் என்பது தெரிந்தாற் போதும்.

இங்கே ஒரு தடை எழுகின்றது. அதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது. காகத்தின் அறிதலை இவ்வளவு உயர்த்திப் பேசுவோர் அதன் கூட்டினுள்ளே பார்க்கவேண்டும். குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகின்றது. சித்திரைப் புத்தாண்டுக் காலத்திற் கூவி நாடெங்கும் பாராட்டுப் பெறும் பறவையின் பிள்ளையை வளர்ப்பது, பாராட்டுப் பெறாத பறவையே. நூறு மனித முகங்களுள் ஒன்றைப் பிரித்தறியும் காகம் தன் கூட்டிலுள்ள அயற்குஞ்சை அறிவதில்லை. புல்லில் விழுந்து கிடந்ததும், எதன் பொருட்டு அக்காகம் மனிதன்மேற் பாய்ந்ததோ அதுவும், குயிற்குஞ்சாகவே இருந்திருக்கலாம்.

அப்படியாயின் அறிதலும் அன்பும் ஒன்றல்ல. காகம் தன் பகைவனை முகம் முகமாக அறிகின்றது. தன் பிள்ளையை அறியாமலே ஊட்டுகின்றது. இதைப் பேதைமை என்று நகைப்பது எளிது. நாட்டுக்கதைகள் அவ்வாறே நகைக்கின்றன. ஆயினும் வாய் திறந்து பசிக்கிறது என்பதே ஊட்டுவதற்குப் போதுமான காரணமாகும் ஓரிடம் உலகில் இருக்கின்றது என்பதையும் அக்கூடு காட்டுகின்றது. யாருடைய பிள்ளை என்று விசாரித்த பின்னரே சோறிடும் வழக்கம் மனிதரிடம் உள்ளது. அவ்வழக்கத்தை அறிவின் அடையாளமெனக் கொள்வதானால் காகம் அறிவில்லாததுதான்.

இதனால் அறைத்தோழனின் கேள்வி சற்று இடம் மாறுகின்றது. எந்தக் காகம் என்று சொல்லத் தெரியாமை மாணவனின் குற்றமன்று. மனிதக் கண் அதற்குப் பழகவில்லை. அறியாமலே கூடத் தீங்கு செய்யாதிருக்கலாம், உணவும் இடலாம். குற்றம் எப்போது தொடங்குகின்றதென்றால், அறியாமையே தாராளமாக நடப்பதற்கு உரிமையளிப்பதாக எண்ணும்போது. 'ஏதோ ஒரு காகம்தானே' என்ற சொல்லில் அது தொடங்குகின்றது. கென்யாவில் 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அவ்வாண்டு முடிவதற்குள் பத்து லட்சம் ஊர்க்காகங்களைக் கொல்லும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தெற்காசியாவிலிருந்து மனிதரால் ஆபிரிக்கக் கரைக்குச் சென்ற இவ்வினம் அங்குள்ள பறவைகளின் குஞ்சுகளையும் முட்டைகளையும் அழித்துப் பெருகிவிட்டமை உண்மை. நடவடிக்கை தேவையா என்பதை அந்நாட்டின் சூழலியலாளர் தீர்மானிப்பர். தூரத்திலிருந்து கண்ணீர் விடுவது மலிவானது. ஆனால் பத்து லட்சம் என்ற தொகையைக் கேட்டு எவர் நெஞ்சும் அதிர்வதில்லை என்பதைக் கவனிக்கலாம். உடைந்த அலகுடைய ஒரு காகத்தைக் கொல்லப்போவதாக அறிவித்திருந்தால், வாவிக்கரை மாணவனேனும் அதிர்ந்திருப்பான்.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு அவன் படங்களை அட்டையில் ஒட்டுகிறான். பத்தொன்பதை ஒட்டிவிட்டு இருபதாவதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான். அறைத்தோழன் அதுதான் பரிசு பெறும் என்கிறான். அவன் கூறுவது பொய்யுமன்று. மாணவன் அதனைப் புத்தகத்தினுள் வைத்து மூடுகிறான். கிழிக்கவில்லை. ஒட்டியவற்றின் கீழே 'காகம், கண்டி வாவி' என்று ஒன்றுபோலவே எழுதிச் செல்கிறான். அலகு உடைந்ததன் கீழே மட்டும் படம் பிடித்த திகதியையும் சேர்க்கிறான்.

மறுநாள் மாலை கமராவும் பாணும் இல்லாமல் வாவிக்கரைக்குப் போகிறான். சுவரின்மேல் ஒரு காகம் இருக்கிறது. அலகு முழுமையானது, கால்கள் நலமானவை. எந்தக் காகம் என்று அவனுக்குத் தெரியாது. அது தத்தித் தத்தி மூன்றடி நெருங்குகிறது. முதலில் அவனுடைய கையைப் பார்க்கிறது. பின்னர் தலையைச் சரித்து முகத்தைப் பார்க்கிறது. அவன் அசையாது நிற்கிறான். சிறிது நேரத்தின்பின் அது எழுந்து, கடலை விற்பவரின் வண்டிப் பக்கமாகப் பறந்து செல்கிறது.